கவிழ்த்த சீட்டு

"நீங்களும் மணிகண்டனும் கூட்டுச் சேர்ந்து கள்ள ஆட்டம் ஆடுதீங்க" என்றான் ஆல்டோ.

கிறிஸ்துதாஸுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. யார் கத்தினாலும் குரல் உயராத மனுஷன்.

பெபின்தான் பதறினான். "மெல்லடே, பக்கத்து ஃபிளாட்டுக்குக் கேக்கும்."

குவைத்தின் மங்காஃபில் கிறிஸ்துதாஸின் அறை. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் நான்கு பேர் போக்கர் ஆட உட்காருவார்கள். ஆளுக்கு ஐந்து தினார். அது தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும், பையிலிருந்து மறுபடி எடுக்கக் கூடாது. முறை வராமல் வாய் திறக்கக் கூடாது. தோற்றவனைக் கேலி பேசக் கூடாது. எல்லாம் கிறிஸ்துதாஸ் போட்ட சட்டம்.

ஏசி மெக்கானிக் ஆல்டோ இங்கே ஆட வந்து மூன்று வாரம் ஆகிறது. மூன்று வாரமும் தோல்வி. மூன்று வாரமும் ஜெயித்தது வெல்டர் மணிகண்டன்.

இன்றைக்கும் ஜெயித்த காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மனைவிக்குப் போன் பேச மாடிப்படிக்குப் போயிருந்தான்.

"கடைசி ஆட்டத்துல நீங்கதான் பந்தயத்தை ஏத்திக்கிட்டே போனீங்க. மணிகண்டன் மிச்சக் காசை முன்னால தள்ளினதும் சீட்டைக் கவிழ்த்து வச்சுட்டு விலகிட்டீங்க. அப்படி என்ன சீட்டு வந்தது?"

"கவிழ்த்த சீட்டைப் பாக்கப்பிடாது டே. மரியாதை இல்ல" என்றார் கிறிஸ்துதாஸ்.

"கள்ள ஆட்டத்துக்கு என்ன மரியாதை?"

ஆல்டோ எட்டி, கிறிஸ்துதாஸின் முன்னால் கிடந்த இரண்டு சீட்டையும் திருப்பினான்.

இரண்டும் ஏஸ்.

"இதை வச்சுக்கிட்டு எவனாவது விலகுவானா? அவன் ஜெயிக்கதுல உங்களுக்கு எவ்வளவு பங்கு?"

பெபின் தன் சீட்டுகளையும் திருப்பிப் போட்டான். ராஜாவும் ராணியும்.

"நானும் விலகினேன்லா. எனக்கும் பங்கு உண்டா?"

ஆல்டோவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"மணிகண்டனுக்கு நாலு மாசமா சம்பளம் இல்ல" என்றார் கிறிஸ்துதாஸ். "கம்பெனி பூட்டிக் கெடக்கு. ஊர்ல பொண்டாட்டியும் ரெண்டு பிள்ளையளும். காசைக் கையில கொடுத்தா வாங்க மாட்டான். ரெண்டு தடவை கொடுத்துப் பாத்தோம், கட்டில் மேல வச்சுட்டுப் போயிட்டான். சீட்டுல ஜெயிச்சாதான் எடுப்பான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ புது ஆளு. வாய் தவறி அவங்கிட்டச் சொல்லிட்டா?" தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். "இதுவரைக்கும் நீ தோத்த பதினஞ்சு தினார். உன் காசை எடுத்து அவனுக்குக் கொடுக்க எங்களுக்கு என்ன உரிமை? பிடி."

ஆல்டோ அதைத் தொடவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கவர் தலையணைக்கு அடியில் போனது. ஆல்டோ இரண்டு கையாலும் சீட்டுகளை வாரிக் கலைத்தான்.

மணிகண்டன் உள்ளே வந்து அவன் முகத்தைப் பார்த்தான். "என்னடே, தோத்ததை முகத்துல எழுதி ஒட்டியிருக்க?"

"ஒண்ணுமில்லண்ணே."

ஐந்து மணிக்குக் கலைந்தார்கள். லிஃப்டில் மணிகண்டனும் ஆல்டோவும் மட்டும்தான். ஆல்டோ தரையைப் பார்த்தபடி நின்றான்.

மணிகண்டன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஐந்து தினார் நோட்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

"ஐயோ, என்னண்ணே இது?"

"மூணு வாரமா உன் காசையும் சேர்த்துல்லா கொண்டு போறேன்? புதுசா வந்தவன் இப்படித் தோத்தா, வீட்டுக்கு அனுப்பும்போது இடிக்கும். வச்சுக்க."

ஆல்டோ நோட்டைக் கைக்குள் மூடிக்கொண்டான்.

"ஒண்ணு கேட்டியா" என்றான் மணிகண்டன், லிஃப்ட் கதவு திறக்கும்போது குரலைத் தாழ்த்தி. "நான் கொடுத்தேன்னு அவங்க ரெண்டு பேருக்கும் தெரியாண்டாம். கையில கொடுத்து வாங்கினான்னு உன்னைக் குறைவா நினைச்சிருவாங்க."