நீல வேனின் கண்ணாடி

கற்பிட்டியில் சின்னஞ்சிறு மாதிரி வாகனங்களுக்கு வர்ணம் பூசும் றிஸ்மினா, ஒரு வேலையைத் தொட்டால் சரிவரும்வரை விடமாட்டாள். இம்முறை உள்ளங்கையளவில், மீன் ஏற்றும் ஒரு நீல வேன். கத்தரினா என்றொரு பெண் கேட்டிருந்தாள். அவளுடைய கணவர் அன்ரனிப்பிள்ளை அப்படியொரு வேனோடுதான் களப்புத் தண்ணீருக்குள் விழுந்தார். வேனைத் தூக்கினார்கள், ஆள் கிடைக்கவில்லை.

றிஸ்மினா மயிரிழைத் தூரிகையால் இலக்கத்தகடு எழுதினாள். கதவிடுக்குகளுக்குக் கறுப்புக் கோடு இழுத்தாள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலிலிருந்து வெட்டிய கண்ணாடிகளைக் கடைசியாகத்தான் ஒட்டினாள். விடிந்து பார்த்தால் அவை மங்கியிருந்தன. துடைத்தும் போகவில்லை, மங்கல் உட்பக்கம். பசையின் ஆவி படிந்தால் அப்படி ஆவதுண்டு. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஆவி வராத மரப்பசையால் புதிதாக ஒட்டினாள். அவையும் மங்கின.

"வுடு புள்ள, யாருக்கு வெளங்கப் போகுது?" என்றான் அவள் கணவன் ஹுனைஸ்.

"எனக்கு வெளங்குமே."

மூன்றாம் முறை பசையே தொடாமல், அளவாக வெட்டி அழுத்திப் பொருத்தினாள். கத்தரினா வாங்க வந்தபோது அவையும் உள்ளே வெளுத்துக் கிடந்தன.

"கோவிக்காதீங்க அக்கா, நாளைக்கு மாத்தித் தாறன்."

"வேண்டாம் தங்கச்சி." கத்தரினா வேனை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள்.

சாரதிப் பக்கக் கண்ணாடியில், உள்ளிருந்து, எள்ளளவு இடம் மெல்லத் துடைபட்டுத் தெளிந்தது.

"ஓம்," என்றாள் கத்தரினா, அதற்குள் பார்த்தபடி. "நான்தான்."