காணாமல் போன பதிப்பு

“இன்னும் எவ்வளவு நேரமாகும்? அதை மட்டும் சொல்லும்மா. மத்த புராணமெல்லாம் அப்புறம் கேட்டுக்கறேன்.”

ஆஸ்பத்திரி லேபின் பொறுப்பாளர் அந்த அம்மாள். கம்ப்யூட்டர் பிரிவின் வாசலில் நின்றுகொண்டே கேட்டார். ஒரு மாத லீவுக்குப் பிறகு வேலைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. வந்ததும் வராததுமாக இந்தத் தலைவலி.

உள்ளே இரண்டு திரைகளுக்கு நடுவே இன்ஜினீயர் பெண் திணறிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

“பார்த்துக்கிட்டுதான் இருக்கேன் மேடம்.”

“எட்டு மணியிலேர்ந்து ஒரு ரத்த ரிசல்ட்கூட வார்டுக்குப் போகல. என் ஆளுங்க கையால கணக்குப் போட்டு, பேப்பர்ல எழுதி, படியேறி ஓடறாங்க. ஒரு பச்சைக் குழந்தையோட கால்சியம், புள்ளி இடம் மாறிப் போயிடுச்சு. நர்ஸ் கண்ணுல பட்டதால பிழைச்சுது. அடுத்த தடவையும் பட்டுக்கிட்டே இருக்குமா?”

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்தது.

“நம்ம சாஃப்ட்வேர் கிளவுட்ல, முப்பது சர்வர் சேர்ந்த ஒரு கிளஸ்டர்ல ஓடுது மேடம். காலையில வழக்கம்போல ரீஸ்டார்ட் பண்ணினோம். ஒவ்வொரு சர்வரும் எழுந்திருக்கும்போது தனக்கு வேண்டிய சின்னச் சின்ன புரோகிராமை ஒரு பொதுக் கிடங்குலேர்ந்து எடுத்துக்கும். அதுல ஒண்ணு மட்டும் காணோம். நாம கேட்டது 2.4-ங்கற பதிப்பு. பழைய நகல் ஒண்ணு 1.8 கிடைச்சுது, அதை எடுத்துக்கிச்சு. மத்த புரோகிராமுக்கெல்லாம் 1.8 ஒத்துவரல. முப்பதும் படுத்துடுச்சு.”

“ஒண்ணே ஒண்ணு இல்லாததுக்கா இந்தப் பாடு?”

“அளவு மாத்தற புரோகிராம் மேடம். மெஷின் ஒரு அளவுல சொல்றதை டாக்டர் கேக்கற அளவுக்கு மாத்துமே, அதுதான். நம்மள மாதிரி நானூறு ஆஸ்பத்திரி அதை நம்பித்தான் ஓடுது.”

அந்த அம்மாளுக்கு அது எந்தக் கணக்கு என்று நன்றாகவே தெரியும். “ஆறு வருஷம் முன்னாடி வரைக்கும் அதைக் கையாலதான் போட்டோம். வீட்டுக்குப் போயும் அதே புலம்பல்தான்” என்றார். “சரி, அது எங்க போய்த் தொலைஞ்சுது?”

“எழுதினவரே எடுத்துட்டார் போலிருக்கு. ஞாயித்துக்கிழமை கிடங்குல இருந்த அவரோட கணக்கையே மூடியிருக்கு.”

“எந்தக் கம்பெனி?”

“கம்பெனி இல்ல, தனி ஆள். பேர்கூடப் போடல. ஆறு வருஷமா காசு வாங்காம செஞ்சவர். ஏன் மூடினார்னு கிடங்குக்காரங்ககிட்ட கேட்டு எழுதியிருக்கேன்.”

“காசு வாங்கலேன்னா பாதியில கைகழுவிடலாமா?” அந்த அம்மாள் குரலை உயர்த்தினார். “வேளைக்குச் சோறு போட்டு வளர்த்தா, கதவைச் சாத்திக்கிட்டு ஸ்கிரீன் முன்னாடியே கிடக்கற ரகம். வேலைக்குப் போடான்னா பதில் வராது. இதுங்களை எனக்கு நல்லாத் தெரியும். பொறுப்புன்னா என்னன்னே தெரியாது. இப்படி ஒண்ணைப் பெத்தவளைச் சொல்லணும்!”

அடுத்த அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. தான் ஏன் இவ்வளவு கத்துகிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அப்படிச் சொல்லாதீங்க மேடம்” என்றாள் இன்ஜினீயர் பெண், தயங்கித் தயங்கி. “போன வருஷம் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. எழுதின பத்தாவது நிமிஷம் பதில் போட்டார். ‘பதறாதீங்க, நான் பார்த்துத் தரேன். லேப்ல இருக்கறவங்க திரும்பக் கையால கணக்குப் போட்டு அவதிப்படக் கூடாது’ன்னு. முகம் தெரியாத ஆளுக்கு வேற யார் இப்படிச் சொல்லுவா?”



அதற்குள் போன் அடித்தது. ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் சோம்பேறித்தனத்தால் ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அவர்களுடைய சர்வரில் 2.4 அப்படியே இருந்தது. நகல் வந்து சேர்ந்தது. திரையில் சிவப்பாக இருந்த வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. ஐந்தாவது நிமிஷம் லேபிலிருந்து பேசினார்கள்: “ரிசல்ட் போகுது மேடம்!”

காலையிலிருந்து முதல் தடவையாக அந்த அம்மாள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“குழந்தைக்கு ஒண்ணும் ஆகல, அதுவரைக்கும் நல்லது. ஆனா நான் அறிக்கை கொடுக்கணும்மா. யாரால நடந்ததுன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல யாரை எழுதறது? இதை நான் சும்மா விடறதா இல்ல.”

“கிடங்குக்காரங்க பதில் போட்டிருக்காங்க மேடம். பேரு தர மாட்டாங்களாம். கணக்கை மூடும்போது காரணம்னு எழுதின வரியை மட்டும் அனுப்பியிருக்காங்க.”

“படி. என்ன சாக்குச் சொல்லியிருக்கான்னு பார்ப்போம்.”

அவள் படிக்க ஆரம்பித்தாள். போகப் போகக் குரல் இறங்கியது.

“‘இது என் மகனின் கணக்கு. அவன் போன மாதம் இறந்துவிட்டான். இனி இது யாருக்கும் பயன்படப் போவதில்லை, மூடிவிடுங்கள்.’”

அந்த வரி அந்த அம்மாளுக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை மகனுடைய அறையில் உட்கார்ந்து, எது எதற்கென்றே தெரியாமல், அவனுடைய பதினோரு கணக்குகளுக்கும் அதையேதான் அவர் எழுதியிருந்தார்.