சீப்பில் சிக்கிய முடி

“ஏட்டி, செத்துப்போன ஆட்டையே திரும்ப உண்டாக்கியிருக்கானாம்லா. நம்ம சிவாவ உண்டாக்க முடியாதா?”

அம்மா கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கம்பெனி பஸ் வர இன்னும் கால் மணி நேரம். வீடியோ கால்தான், ஆனாலும் வழக்கம்போல என் கேமராவை அணைத்து வைத்திருந்தேன்.

அக்கா சிவப்பிரியா மூளைக்காய்ச்சலில் போய் மூன்று மாதம். அவள் சீப்பில் சிக்கியிருந்த முடியை அம்மா குங்குமச் சிமிழில் பத்திரப்படுத்தியிருக்கிறாள். அதைத் திறந்து காட்டினாள். பெத்த வயிறு, கேட்காதா பின்னே?

விலங்கியல் படித்துவிட்டு, செல்போனுக்கு ஸ்க்ரூ முடுக்குகிற சுகப்பிரியா நான். படிப்பு இதற்காவது உதவட்டும் என்று குளோனிங் பற்றி எடுத்துச் சொன்னேன்.

உதிர்ந்த முடி ஆகாதும்மா, உயிருள்ள செல் வேண்டும். அதன் உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய ஒரு கருமுட்டைக்குள் வைக்க வேண்டும். அப்புறம் ஒருத்தி அதைச் சுமந்து பெற வேண்டும். அந்த ஒரே ஒரு ஆட்டுக்குட்டிக்கு முன்னால் இருநூற்றுச் சொச்சம் முயற்சி வீணாய்ப் போனது. மனுஷப் பிள்ளையை வைத்து அந்த விளையாட்டு விளையாடலாமா?

அப்படியே பிறந்தாலும் அது சிவா இல்லை. உன்னைத் தெரியாத வேறொரு பிள்ளை. அதன் முகத்தில் நீ எந்நேரமும் சிவாவைத் தேடினால், அது என்ன பாவம் செய்தது?



“தெரியாட்டிப் போவுது. அதே முகம் போதும்ட்டி.” அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கொஞ்ச நாளைக்கு உன் முகத்தைக் காட்டாதே தாயி, என்னால் தாங்க முடியவில்லை என்று. அன்றிலிருந்து என் பெயரைக்கூடச் சொல்வதில்லை. வெறும் ‘ஏட்டி’தான்.

சிவா என்னைவிட ஆறே நிமிஷம் மூத்தவள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள் நாங்கள். அம்மாவே எங்களில் ஒருத்தி கையில் கறுப்புக் கயிறு கட்டித்தான் யார் யாரென்று அடையாளம் வைத்தாள்.

கேமராவைப் போட்டேன்.

அம்மா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வாசலில் பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

“கண்ணுக்குக் கீழ என்ன இம்புட்டுக் கருப்பு? ஒழுங்காத் தூங்குதியா, சுகா?”