வெள்ளெருக்கம்பட்டி வைரஸ்

பயிர் நோய் ஆய்வாளர் முனைவர் அமலோற்பவத்தின் பணி நிறைவு விழாவில் நினைவுப் பரிசு கொடுக்க விவசாயி பச்சியப்பனை மேடையேற்றினார்கள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய தக்காளித் தோட்டத்தில் பறித்த சுருண்ட இலையில்தான் அந்த அம்மாள் புதிய வைரஸைக் கண்டுபிடித்தார். புதிய வைரஸுக்கு அது கிடைத்த ஊரின் பெயரை வைப்பது வழக்கம். ஊர்ப் பெயரைத் தப்பில்லாமல் எழுதிக்கொள்ளும்படி அன்று இரண்டு முறை சொன்னவர் பச்சியப்பன். பிறகு அதன் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து அமலோற்பவம் துறைத் தலைவரானார். நோய்க்கு மருந்து மட்டும் இன்னும் இல்லை.

பரிசு, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைரஸின் பெரிதாக்கிய படம். ஒட்டிப் பிறந்த இரண்டு மணிகள் போல இருந்தது. கீழே தங்க எழுத்தில் வெள்ளெருக்கம்பட்டி.

பச்சியப்பன் அதைக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இதுங்களாம்மா?”

“இதுதான். உங்க ஊரு இப்போ உலகம் பூரா தெரியும்.”

“தெரியுதுங்க. வெள்ளெருக்கம்பட்டி நோயின்னு விதைக் கடையெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. எங்க ஊரு நாத்துன்னா சந்தையில ஒருத்தனும் தொட மாட்டேங்கறான். நோயே வராத வருசத்துலயும் தொடல.”

புகைப்படக்காரர் இருவரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். அமலோற்பவம் சட்டத்தின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“பேரு வைக்கிற முறை அப்படிங்க,” என்றார் மெதுவாக.

“என் பேர வச்சிருக்கலாமேம்மா,” என்றார் பச்சியப்பன், கேமராவைப் பார்த்தபடி. “என்னோட போயிருக்கும்.”