அடுப்படியில் ஒரு தூண்

"பொண்ணைக் குடுத்தேன், பத்தலையா மாப்ளே? வீட்டையும் எடுத்துக்க வந்துட்டீங்களா?"

சைரன் அத்தை போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. தலைக்கு மேல் விமானம் இறங்கினாலும் பேச்சை நிறுத்தாத தொண்டை. பட்டப்பேரே அதனால் வந்ததுதான்.

ஊருக்குள் இருந்த ஏர்போர்ட்டை மூடி, வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று வெளியே கொண்டுபோகிறார்கள். இரண்டையும் இணைக்கப் புல்லட் ரயில். தரையில் இல்லை, தூண் மேல் ஓடும். அதில் ஒரு தூண் இந்தத் தெருவில்.

அத்தையின் மாப்பிள்ளைதான் அந்த வேலைக்கு இன்ஜினியர்.

தூண் யார் தலையில் விழும் என்பதுதான் கொஞ்ச நாளாகத் தெருவின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. ஒன்று, அத்தையின் சொந்த வீடு. இல்லாவிட்டால் அதை ஒட்டிய லைன் வீடுகள். அங்கே இருப்பதெல்லாம் வாடகைக் குடித்தனம். தையல்காரர், இஸ்திரி போடும் அக்கா, பேக்கரி மாஸ்டர். சொந்த வீட்டுக்காரருக்கு அரசாங்கம் மாற்று வீடு தரும். வாடகைக்காரருக்குத் தெருதான்.

இன்று மாப்பிள்ளை சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு வந்தார். நேரே மாமியார் வீட்டுச் சுவரில் பெரிசாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"மேலிடத்து முடிவு அத்தை..."

"அந்த மேலிடத்துக்கு உங்க மாமியா வீடுதான் கண்ணுல பட்டுச்சா?"

"கட்டின பொண்டாட்டி பொறந்து வளந்த வீடு சார்! எப்படி சார் மனசு வந்துச்சு?" என்று இஸ்திரி அக்காவும் சேர்ந்துகொண்டாள். கேட்டுக்கொண்டே தன் வீட்டுச் சுவரை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"இனிமே என் வாசப்படியை மிதிக்காதீங்க!" என்றார் அத்தை.

"வாசப்படியே இருக்காதே அத்தை."

"பாத்தீங்களா, நக்கலை!" தையல்காரருக்கு ரத்தம் கொதித்தது. "சார், மாமியா வீட்டை இடிக்கிற ஆளுக்கு நான் அளவெடுக்க மாட்டேன். உங்க பேண்ட் துணியை இப்பவே எடுத்துட்டுப் போயிடுங்க!"

மாப்பிள்ளை துணியை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

காலி பண்ணின அன்று, இடிக்கப்போகிற வீட்டின் அடுப்படியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி விட்டுத்தான் அத்தை சாவியைக் கொடுத்தார்.

"மண்ணாப் போற வீட்டை எதுக்கு அத்தை கழுவுறீங்க?" என்றாள் இஸ்திரி அக்கா.

"விருந்தாளி வர்ற இடம்டி, சுத்தமா இருக்க வேணாமா?"

துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் மாப்பிள்ளை வேலைக்காக வந்தபோதெல்லாம் தெரு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. தூண் மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

ஒருவழியாக ரயிலும் வந்தது. முதல் ஓட்டத்துக்குத் தெருவையே கூப்பிட்டிருந்தார்கள். எல்லாரும் கடைசிப் பெட்டியில் ஏறி, வடக்கு ஏர்போர்ட்டிலிருந்து தெற்கே பறந்தார்கள்.

"நம்ம தெரு ரயிலுய்யா!" என்று பேக்கரி மாஸ்டர் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தையல்காரருக்கு ஜன்னலோரம் கிடைக்கவில்லை. முன்பெட்டியில் தேடிப் போய் உட்கார்ந்தார். முன்சீட்டிலிருந்து ஒரு குரல். எவ்வளவு அடக்கினாலும் அந்தத் தொண்டை தெரியாதா?

"மாப்ளே, நம்ம தூண் வந்துருச்சா?"

"இதோ அத்தை, இதோ... போயிடுச்சு!"

"அடியாத்தீ! நான் வெந்நி வச்சு இறக்குறதுக்குள்ள அந்த ஏர்போர்ட்டுக்கே போயிரும்போல. எத்தனை தேசத்து ஜனம் என் அடுப்படி மேல போகப்போகுது மாப்ளே!"

"வருத்தமில்லையே அத்தை?"

"என்ன வருத்தம்? எந்தப் பக்கம் வச்சாலும் ரயிலுக்கு ஒண்ணுதான்னு நீங்கதான சொன்னீங்க. அப்ப என் பக்கமே வைங்கன்னு நான்தான கேட்டேன்?"

"கேட்டீங்க. கேட்டுட்டு, நடுத்தெருவுல என்னை அந்தக் கிழி கிழிச்சீங்களே! தையக்காரர் இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஒரு பேண்ட் தைச்சுத் தரலை."

அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"பின்ன என்ன மாப்ளே? நானா விட்டுக்குடுத்தேன்னு தெரிஞ்சா, அந்தப் புள்ளைங்க என்னைப் பாக்குறப்பல்லாம் கூனிக் குறுகி நிப்பாங்க. உங்க மேல கோவமா இருந்தா, நிமிந்து நிப்பாங்கல்ல?"

பின்சீட்டில் தையல்காரர் ஜன்னலை மறந்து முன்னால் சாய்ந்தார். 

ரயில் நின்றது. இறங்கத் திரும்பிய அத்தை அவரைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"யோவ் டெய்லரு! நீ எப்பய்யா இங்க வந்த? எதுவும் காதுல விழுந்துச்சா?"

"ரயில் சத்தத்துல என்ன விழும் அத்தை?"

தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மாப்பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை அளவெடுப்பது மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். இந்த ஆளுக்கு ஜென்மத்துக்கும் நான் பேண்ட் தைக்க மாட்டேன்!" என்றார், நன்றாக நிமிர்ந்து நின்று.