இடது பக்கம் இழுக்கும் கார்

டேல் மூன்றாவது முறையாக என் வீல் அலைன்மென்ட் கடைக்கு வந்தபோது எனக்கே அலுத்துவிட்டது. தரையை உரசும் அளவுக்குக் கீழே இறக்கிய ஸ்போர்ட்ஸ் கார்.

“இன்னும் இடது பக்கமாத்தான்யா இழுக்குது, ஒர்லாண்டோ. டயரும் ஒரு பக்கமா தேயுது.”

“மிஷின்ல நேராத்தானே காட்டுது? நம்ம ஃப்ரெஸ்னோ ஊரு ரோடு கோணலா இருந்தா நான் என்ன பண்றது?”

“இந்தத் தடவை கூடவே நின்னு பார்க்கிறேன்.”

“தாராளமா பாரு.”

காரை மேடையில் ஏற்றினேன். வழக்கம்போல இரண்டு முன்சீட்டிலும் ஆளுக்கொரு மணல் மூட்டையை வைத்துவிட்டு அளந்தேன். நாலு சக்கரமும் கச்சிதம்.

டேல் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தான். “இது எதுக்கு?”

“காரை இவ்ளோ இறக்கினா, உட்கார்றவங்க எடையோடதான் செட் பண்ணணும். நீதானே எழுதிக் கொடுத்தே? உனக்கு நூத்தித் தொண்ணூறு பவுண்டு, உன் பொண்டாட்டி மார்லீனுக்கு நூத்தி முப்பது.”

அவன் மார்லீன் உட்காரும் வலது பக்கக் கதவைத் திறந்து, அந்த மூட்டையைத் தானே தூக்கித் தரையில் வைத்தான். திரையில் எண்கள் சிவப்பாக மாறின.

“இப்ப செட் பண்ணு,” என்றான். “அவ வேற ஒருத்தன் கார்ல ஏறிப் போயி நாலு மாசமாச்சு.”