அழைப்பும் அழிப்பும்

விவாகரத்து கிடைத்த மறுநாளே பரணியும் சுகிர்தாவும் கல்யாண வீடியோவை அழிக்கப் பார்த்தார்கள். குடும்பத்தில் யார் வீடியோ எடுத்தாலும் அது தானாகவே துண்டுகளாகி, சொந்தக்காரர்கள் வீட்டு இணைய ஃபிரிட்ஜ்களில் சேமிப்பாகிற காலம் அது. கல்யாண வீடியோவும் நாற்பது துண்டுகளாகி, நாற்பது சொந்தக்காரர்களின் ஃபிரிட்ஜில் பத்திரமாக இருந்தது. நாற்பது பேரும் சம்மதித்தால்தான் அழியும்.

முப்பத்தொன்பது பேர் போனிலேயே சம்மதித்தார்கள். பரணியின் விருதுநகர்ச் சித்தப்பா மட்டும் முறுக்கிக்கொண்டார்.

"கல்யாணத்துக்கும் போன்லதான் கூப்பிட்டீங்க. இதுக்காவது ரெண்டு பேரும் சேந்து, வெத்தல பாக்கோட வந்து முறையாக் கேளுங்க."

போனார்கள். சித்தப்பா தட்டை வாங்கிக்கொண்டு, ஃபிரிட்ஜில் சம்மதப் பொத்தானை அழுத்தினார். பழக்கதோஷத்தில் இருவரும் ஒன்றாக அவர் காலில் விழுந்தார்கள்.

"எப்பவும் பிரியாம இருங்க" என்றார், அவரும் பழக்கதோஷத்தில்.

சித்தி கண்கலங்கி அதை வீடியோ எடுத்தாள். இப்போது அது நாற்பது வீட்டு ஃபிரிட்ஜிலும் துண்டுதுண்டாகப் பத்திரமாக இருக்கிறது.